புல் செதுக்கிய வாசல்

எம். புதுப்பட்டிக்கு நர்ஸாக மாற்றலாகி வந்தபோது எனக்குக் கிடைத்தது ஒரு சின்ன வீடு, சுற்றிலும் கம்பி வேலி, வேலிக்குள் கொஞ்சம் கரிசல் மண். அறுபதுகளின் தொடக்கம் அது. என் ஊர் நாகர்கோவில் பக்கம். அங்கே வீட்டு முன்னால் புல் தானாக வளரும். சாயங்காலம் அக்கா தங்கைகள் அதில் உட்கார்ந்து வம்பளப்போம். இங்கே விளக்கேற்றிய பிறகு பேச்சுத்துணைக்கு ஒரு ஈ காக்கை கிடையாது. புல்தரை போட்டால் பக்கத்துப் பெண்கள் வந்து உட்காருவார்கள் என்று எனக்கு ஒரு நப்பாசை.

கரிசலுக்கு என்னைவிட முன்கோபம். மழையில் காலைப் பிடித்தால் விடாது. வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக்கொள்ளும். அதைக் கொத்திப் புரட்டி, ஓடை மணலும் மக்கிய சாணமும் கலந்து, கட்டிகளை உடைத்துப் பொலபொலவென்று ஆக்கினேன். வயல் வரப்பிலிருந்து அறுகம்புல்லைக் கொண்டுவந்து கணுக்கணுவாகக் கிள்ளி நட்டேன். கிணற்றுத் தண்ணீர் உப்பு. ஊற்றினால் நுனி கருகியது. அதனால் அரிசி களைந்த தண்ணீரைச் சேர்த்துவைத்து ஊற்றினேன். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட கத்தரிக்கோலால் குந்தியிருந்து நுனி வெட்டினேன். புல் பிடித்துக்கொண்டது. ஆள்தான் வரவில்லை.

அடுத்த வீட்டு அக்கா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார். சாயங்காலம் சேலையெல்லாம் மருந்துப் பொடி மினுமினுக்கத் திரும்பி வந்து, வேலிக்கு வெளியே நின்றுதான் பேசுவார்.

"உள்ள வாங்கக்கா, உக்காருங்க."

"இருக்கட்டும் நர்சம்மா."

எத்தனை தரம் கூப்பிட்டாலும் அதே 'இருக்கட்டும்'தான். வேதக்காரி என்பதாலா, வெளியூர்க்காரி என்பதாலா என்று யோசித்து யோசித்துப் புழுங்கினேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து அந்தப் புல்லில் தனியாக உட்கார்ந்திருப்பேன். எனக்கே என்னைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

கோடையில் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். திரும்பி வந்து பெட்டியோடு வாசலில் நின்றால், உள்ளே ஒரு புல் இல்லை. தரை மொட்டையாக, பெருக்கி, சாணித் தண்ணீர் தெளித்துக் கிடந்தது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கத்த வாயெடுப்பதற்குள் அடுத்த வீட்டு அக்கா சிரித்த முகமாக வந்தார்.

"வந்துட்டீகளா? புல்லு காஞ்சு சருகாக் கெடந்துச்சு. எங்க கம்பெனியில ஷெட்டைச் சுத்தி ஒத்தப் புல்லு நிக்க விடமாட்டாக. ஒரு பொறி விழுந்தாப் போதும். நீங்க ஒத்தையில கெடக்கீக, தீப்பிடிச்சா யாரு வந்து தூக்குறது? அதான் நானும் எங்க வீட்டு ஆளும் செதுக்கிப் போட்டோம்."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவர் பதறிப்போனார்.

"ஆசையா வளத்தீகளா? தெரியாமப் போச்சே!" என்று என் கையைப் பிடித்து, அந்த மொட்டைத் தரையிலேயே உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தார். அந்த வீட்டில் என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"இம்புட்டு நாளா ஏன் உள்ள வரல?" என்று கேட்டேன்.

"மருந்து மேலோட புல்லுல கால் வைக்கப் பயம் நர்சம்மா. பழகிப்போச்சு."

அவ்வளவுதான் விஷயம். மறுநாளிலிருந்து அவர் வந்தார். கூடவே அவர் கம்பெனியில் வேலை பார்க்கும் இன்னும் சில பெண்களும் முறத்தோடு வந்து அரிசி புடைத்தார்கள், ஊர்க்கதை பேசினார்கள், என் பேச்சைக் கிண்டல் செய்தார்கள். அந்தக் கோடை முழுக்க நான் ராத்திரிச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டதாக நினைவில்லை.

ஐப்பசி மழை பெய்தது. நான் பாடுபட்டுப் பண்படுத்திய மண் சும்மா இருக்குமா? அடியில் கிடந்த அறுகு பச்சைப்பசேலென்று கிளம்பிவிட்டது. அன்று சாயங்காலம் அக்கா வந்தார். வாசல் வரைக்கும் வந்து, எட்டிப் பார்த்து, முகம் மலர்ந்தார்.

"ஒங்க புல்லு வந்துருச்சே! இந்தத் தடவ நாங்க யாரும் கை வைக்க மாட்டோம். நல்லா வளத்துக்கோங்க."

சொல்லிவிட்டு வேலிக்கு வெளியிலேயே நின்றார். அவருக்குப் பின்னால் வந்த பெண்களும் முறத்தோடு அங்கேயே நின்றுவிட்டார்கள்.

நான் புல்லைப் பார்த்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"அக்கா, ஒங்க மம்பட்டியக் கொஞ்சம் குடுங்க" என்றேன்.