மச்சானின் இரண்டாவது துப்பாக்கி

துப்பாக்கி ஒன்று போதுமா, துணைக்கு இன்னொன்றும் வைத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் வந்து கேட்கிறவர்கள் உண்டு. லைசென்ஸ் வாங்கப் போகிறவர்கள், புதிதாகக் காசு பார்த்தவர்கள். என்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பார்கள்? ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன், கடலூர் முதுநகரில் மூட்டை தூக்கியவன், முப்பது வயதுக்குள் சொந்த லாரி ஓட்டினேன். செம்மண்டலத்தில் நான் வீடு கட்டியதை வேலை விட்டுப் போகிற குமாஸ்தாக்கள் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பார்கள். இத்தனைக்கும் என் இடுப்பில் லாரிச் சாவியைத் தவிர எதுவும் தொங்கியதில்லை. வருகிறவர்களுக்கு நான் யோசனை சொல்வதில்லை. என் மச்சானுக்கு நடந்ததைச் சொல்வேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். சிதம்பரத்தில் வீடு, முந்திரி வியாபாரம். ஊர் ஊராகப் போய்ப் பணம் கொடுத்துக் கொட்டை வாங்குவார். அதனால் முறைப்படி லைசென்ஸ் எடுத்து ஒரு ரிவால்வர் வைத்திருந்தார். ஒருநாள் ஆலப்பாக்கம் தாண்டி ரோட்டில் பனைமரத்தைப் போட்டு அவர் காரை மறித்தார்கள். மச்சான் ரிவால்வரை நீட்டி விசையை இழுத்தார். வெடிக்கவில்லை. மறுபடி இழுத்தார். கடல்காற்றில் தோட்டா நமத்துப்போயிருந்தது. மறித்தவர்கள் சிரித்தார்களாம். தோளில் ஒரு அடி போட்டுவிட்டுப் பையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பை போனதைவிட அந்தச் சிரிப்புதான் அவரைத் தின்றது.

அடுத்த வாரம் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது சொன்னார்.

"ஒண்ணு கைவிட்டா இன்னொண்ணு வேணும் மாப்ள. காருக்கு ஸ்டெப்னி வச்சிக்கறதில்ல? அது மாதிரி."

நான் சும்மா இருப்பேனா? "ஸ்டெப்னியும் பஞ்சரானா? அதுக்கொரு ஸ்டெப்னியா மச்சான்? அப்புறம் உங்களால நடக்க முடியாது, உருட்டிக்கிட்டுத்தான் போவணும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் மனைவியும் சிரித்துவிட்டார். மச்சான் தலை நிமிராமல் மோர்ச்சோற்றைச் சாப்பிட்டு எழுந்தார். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஆனால் வாங்கிவிட்டார். பாண்டி அப்போதுதான் நம்மோடு சேர்ந்திருந்த சமயம். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சாமான்கள் ரகசியமாகக் கைமாறிக்கொண்டிருந்தன. அதில் உள்ளங்கை அளவில் ஒரு குட்டித் துப்பாக்கி. லைசென்ஸ் கிடையாது. வேட்டிக்கு உள்ளே போடுகிற கால்சட்டையின் பையில் தோட்டாவோடு வைத்திருந்தார். எனக்குத் தெரியாது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

மாசி மகத்துக்குக் கிள்ளை முழுக்குத்துறைக்குப் போயிருந்தோம். ஊர் ஊராகச் சாமிகள் கடலுக்கு வரும் நாள். அன்றைக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. முழுகப் போகிறவர்கள் வேட்டி சட்டையை உருட்டி முடிச்சாகக் கட்டி மணலில் வைத்துவிட்டு, துண்டோடு தண்ணீரில் இறங்குவார்கள். காவல் கிடையாது. பக்கத்து முடிச்சை யாரும் தொடமாட்டார்கள். எனக்குக் காய்ச்சல், நான் முழுகவில்லை. மச்சான் ரிவால்வரைப் பெல்ட்டோடு என்னிடம் கொடுத்தார், காரில் வைத்துக் காத்திருந்தேன். குட்டியைக் கொடுத்தால் மாப்பிள்ளை சிரிப்பானே? அதைக் கால்சட்டைக்குள்ளேயே சுருட்டி, முடிச்சோடு மணலில் வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார்.

முழுகி வந்து முடிச்சை அவிழ்த்தால் அது அவருடையதில்லை. முரட்டு வேட்டி, ஒரு புகையிலைப் பொட்டலம். தன்னுடையதைச் சுற்றிலும் தேடினார், காணோம்.

காருக்கு வந்தபோது ஈரத்துண்டோடு நடுங்கிக்கொண்டிருந்தார். வேட்டிக்கு இவ்வளவு நடுக்கமா என்று கேட்டேன். அப்போதுதான் அந்தக் குட்டியைப் பற்றிச் சொன்னார்.

"வெளிய சொல்ல முடியாது மாப்ள. சொன்னா எனக்கு ஜெயிலு. சொல்லலன்னா, அது எவன் வூட்ல இருக்குதோ, எந்தப் புள்ள எடுத்து வெளையாடுதோ..."

இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வழி கண்டுபிடித்தது நான்தான். அந்த முரட்டு வேட்டியின் ஓரத்தில் சலவைக்குறி இருந்தது. வீட்டுக்கு வீடு துணி மாறாமலிருக்க, சேங்கொட்டை மையில் போடுகிற அழியாத குறி. சிதம்பரத்துச் சலவைத்துறையில் காட்டினேன். பிச்சாவரம் பக்கத்து மீனவர் குப்பத்தில் வெளுக்கிற தங்கள் உறவுக்காரர் போட்ட குறி என்றார்கள். மறுநாளே மச்சானோடு அந்தக் குப்பத்துக்குப் போய்விட்டேன்.

அங்கே வெளுக்கிறவர் குறியைப் பார்த்து வீட்டைக் காட்டினார். வேட்டிக்காரர் வலை முடைந்துகொண்டிருந்தார். வேட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பழைய வேட்டியக் குடுக்கவா காரு போட்டுக்கிட்டு வந்தீங்க? நீங்க நல்லா இருக்கணும்."

"எங்க முடிச்சு எங்க?" என்றார் மச்சான்.

"தூக்கினப்பவே தெரிஞ்சிட்டுது, கனமா இருந்துது. நம்மளது இல்லன்னு அங்கேயே வச்சிட்டன். என்னுத தேடிப் பாத்தேன், காணும். ஈரத்துண்டோட வூடு வந்து சேர்ந்தன்."

"கனமா இருந்துதுன்னியே, பிரிச்சுப் பாக்கல?"

"ஊரான் முடிச்ச எதுக்குங்க பிரிக்கறது?"

அவர் மனைவி குடிசைக்குள்ளிருந்து வந்தார். "அதுல என்னா இருந்துது?"

மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு, "சாமி. சின்ன விக்கிரகம்" என்றார்.

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். "அய்யய்யோ, சாமி காணாமப் போனா இந்தத் தண்ணிக்கே ஆவாதே!" என்று அவரே உள்ளே கூப்பிட்டுப் பானை, அடுக்கு, வலை எல்லாவற்றையும் கொட்டிக் காட்டினார். எதுவும் இல்லை. நாங்கள் வெளியே வருவதற்குள் சேதி குப்பம் முழுக்கப் பரவிவிட்டது. ஆண்கள் படகை எடுத்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் கூடையோடு ஏறிக்கொண்டார்கள். ரோட்டைச் சுற்றிக்கொண்டு காரில் நாங்கள் முழுக்குத்துறை போய்ச் சேர்ந்தபோது மணல் முழுக்கத் தலைகள். சாமியைக் கண்டெடுப்பவருக்குப் புண்ணியம் என்று யாரோ சொல்ல, குழந்தைகள் மண்டியிட்டு இரண்டு கையாலும் தோண்டிக்கொண்டிருந்தன. ஒரு பெண்குழந்தை எதையோ பிடித்து இழுத்து, "அம்மா, கெடச்சிட்டுது!" என்று கத்தியது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அது வெறும் கிளிஞ்சல்.

"சொல்லிடுங்க மச்சான்" என்றேன். அவர் என் பின்னால் ஒதுங்கினார். நான் போய் வேட்டிக்காரர் காதில் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்படி என்னை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை. "புள்ளைங்கள்லாம் மேல ஏறு! ஒருத்தரும் மணலத் தொடாத!" என்று அடித்தொண்டையில் கத்தினார். குழந்தைகள் ஓடின. அவரும் இன்னும் இரண்டு பேரும் பாதத்தால் மெல்லத் தடவித் தடவிப் பொழுது சாயும்வரை தேடினார்கள். கிடைக்கவில்லை. போலீசுக்கு அவர்கள் போகவில்லை. "கெளம்புங்க. இந்தப் பக்கம் இனிமே வராதீங்க" என்றார், அவ்வளவுதான்.

மணலில் புதைந்ததா, அலை கொண்டுபோனதா, எவனாவது எடுத்தானா, இன்றுவரை தெரியாது. எடுத்திருப்பான் என்றே மச்சான் முடிவுகட்டிவிட்டார். ரோட்டில் எதிரே வருகிறவன் இடுப்பு கொஞ்சம் புடைத்திருந்தால், "பாரு மாப்ள, அவன்கிட்ட இருக்குது" என்பார். வெற்றிலைப் பையாக இருக்கும். எங்காவது கொலை என்று கேள்விப்பட்டால், கத்தியால் குத்தியது என்று தெரியும்வரை சாப்பிடமாட்டார். கொட்டை வாங்கப் போவது நின்றது. பிறகு வெளியே போவதும் நின்றது. லைசென்ஸ் ரிவால்வர் மட்டும் தலையணை அடியிலிருந்து மடிக்கு வந்தது.

ஒருநாள் உச்சி வெயிலில் சிதம்பரம் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் மனைவி கடைக்குப் போயிருந்தார்.

"யாரு?"

"நான்தான் மச்சான்."

"நான்னா?" உள்ளே இரும்பு நகரும் சத்தம் கேட்டது. என் கால்கள் தாமாகவே என்னைக் கதவுக்கு நேரே நிற்கவிடாமல் சுவரோரம் தள்ளின.

"கடலூர்லேருந்து மாப்ள."

"மாப்ளன்னா ஜன்னல் பக்கம் வா. வேட்டிய அவுத்துக் காட்டு."

பட்டப்பகல். தெருவில் ஆள் நடமாட்டம். எதிர்வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். மூன்று லாரிக்கு முதலாளி, கடலூரில் என்னைக் கண்டால் துண்டை இறக்குகிறவர்கள் உண்டு. சட்டையைத் தூக்கினேன். வேட்டியை அவிழ்த்தேன். கால்சட்டைப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்து உதறி, ஜன்னலுக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

தாழ்ப்பாள் விலகியது. மச்சான் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் இடுப்பைத்தான் பார்த்தார். அவர் சாகும்வரை அந்த வீட்டுக்குப் போனபோதெல்லாம், கேட்பதற்கு முன்பே வாசலில் வேட்டியை அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன்.