எருக்குழியில் கிடைத்த சிம்னி

பாப்பாரப்பட்டிக் கடைத்தெருவில் ஒரு மாடிக் கட்டடம். கீழும் மேலுமாக ஆறு குடித்தனங்கள். யுத்த காலம், எங்கள் காட்டுக்கு எரு போதவில்லை. அதனால் அவர்கள் கழிக்கும் காய்த்தோலையும் எச்சில் இலையையும் தினமும் வாங்கி வருவேன். மாடியிலிருக்கும் மரகதம் கூடையைக் கயிற்றில் கட்டி இறக்குவாள். "கண்ணாடி, முள்ளு போட்றாதீங்க. அக்கா வெறுங்கால்ல மிதிக்கறவங்க" என்று மற்றவர்களுக்குச் சொன்னவளே அவள்தான்.

ஒரு நாள் எருக்குழியில் சாணத்தைக் கரைத்து ஊற்றி மிதிக்கும்போது, உள்ளங்காலில் கண்ணாடி ஏறிவிட்டது. புண் சீழ் பிடித்து ஒரு மாதம் படுத்துவிட்டேன். மஞ்சளெண்ணெய் காய்ச்சிக்கொண்டு பார்க்க வந்த மரகதம், "கீழ்வூட்டம்மா வேலையாத்தான் இருக்கும்க்கா" என்றாள். நானும் நம்பி, கால் ஊன்ற முடிந்ததும் அந்த அம்மாளின் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன்.

பிறகு குழியைக் கிளறியபோது விளக்குச் சிம்னியின் அடித்துண்டு அகப்பட்டது. அதில் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. மரகதத்தின் சிம்னியில் விரிசல் விட்டபோது அதைச் சுற்றிக் கொடுத்தவள் நானேதான்.

கேட்டதற்கு, "இப்ப புதுச் சிம்னி எங்கக்கா கெடைக்குது? ஒடச்சது எங்க வூட்டுக்காரருக்குத் தெரியக்கூடாதுன்னு தோலுக்கடியில ஒளிச்சுட்டேன்" என்றாள்.

கீழ்வீட்டு அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

இப்போதெல்லாம் எந்தக் கூடையையும் கொடுத்தவர் கண்ணெதிரிலேயே கொட்டி, குச்சியால் கிளறிப் பார்த்துத்தான் எடுக்கிறேன்.

"எம்மேல நம்பிக்கை இல்லியாக்கா?" என்று மாடியிலிருந்து கேட்டாள் மரகதம்.

"நம்புனது நானு. கிழிஞ்சது எங்காலு" என்றேன்.