முதல் வாய் தண்ணீர்

எங்கள் சட்டைக் கம்பெனியில் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காலர் தைப்பவள் காலர், பை தைக்கும் நான் பாக்கெட். சூப்பர்வைசருக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். அது அச்சில் ஏறாது.

காலருக்கு நாலு மாதக் கைக்குழந்தை. கம்பெனிக்குப் பின்தெருவில் இருக்கும் நாத்தனாரிடம் விட்டுவிட்டுத்தான் வேலைக்கு வருவாள். நாத்தனாருக்குக் கல்யாணமாகிப் பல வருஷம், பிள்ளை இல்லை. குழந்தையைத் தரையில் விடமாட்டாள்.

அந்தக் கோடையில் தகரக் கூரைக்குக் கீழே நாங்களெல்லாம் வெந்துகொண்டிருந்தோம். காலர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். மத்தியானத்துக்குள் பால் கட்டி மார்பு கல்லாகிவிடும். எங்கேயாவது ஒரு குழந்தை அழுதால் போதும், ரவிக்கை நனைந்துவிடும். சாப்பாட்டு மணி அடித்ததும் ஓட்டமாய் ஓடுவாள். திரும்பி வரும்போது முகத்தில் ஈயாடாது.

"குடிக்க மாட்டேங்குதுக்கா. ரெண்டு வாய் உறிஞ்சிட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. என்னை மறந்துடுச்சோ?"

"போடி பைத்தியக்காரி! பெத்தவளை மறக்குமா?" என்று திட்டினேன். ஆனாலும் ஒரு மாதமாகக் குழந்தைக்கு எடையே ஏறவில்லை என்று தடுப்பூசி போடும் சுகாதார நிலைய நர்ஸ் வேறு சொல்லியிருந்தாளாம்.

மறுநாள் நானும் கூடப் போனேன். நாத்தனார் குழந்தையை மடியில் போட்டுப் பாட்டிலில் ஏதோ கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னது அது?" என்று கேட்டேன்.

"வெறும் தண்ணிதாம்மா. கொதிக்க வச்சு ஆறவச்சது. இந்த வெயில்ல பச்சப்புள்ளைக்குத் தொண்டை காயாதா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நன்றாகக் கத்திவிட்டு, கையோடு இரண்டு பேரையும் நர்சிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

"ஆறு மாசம் வரைக்கும் சொட்டுத் தண்ணி வேணாம்" என்றாள் நர்ஸ். "தண்ணியில வயிறு ரொம்பினா பால் எங்க இறங்கும்? பசிக்கும் பால்தான், தாகத்துக்கும் பால்தான். வெயிலுக்கு அடிக்கடி குடுங்க. தண்ணிய அம்மா குடிக்கட்டும்."

வெளியே வந்ததும் நாத்தனார் பொலபொலவென்று அழுதாள். "வேணும்னு செய்யலம்மா. பால் உன்னுது, புள்ளையும் உன்னுது. என் கையால அது குடிச்சது அந்தத் தண்ணி மட்டும்தான்."

காலர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு மாசம் ஆகட்டும் அண்ணி. முதல் வாய் தண்ணி நீங்கதான் குடுக்கணும். நான்கூடக் குடுக்க மாட்டேன்."

அதன்பிறகு டீ மணி அடிக்கும்போதெல்லாம் நாத்தனார் குடை பிடித்துக் குழந்தையைக் கம்பெனி கேட்டுக்கே கொண்டுவந்தாள். வாட்ச்மேன் தன் அறையைக் கொடுத்துவிட்டு வெயிலில் நின்றார். சில நாள் சிணுங்கிய குழந்தை, அப்புறம் மூச்சுமுட்டக் குடித்தது. நாத்தனார் பக்கத்தில் நின்று விசிறுவாள். கண் மட்டும் அந்தச் சின்ன வாயிலேயே இருக்கும்.

குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்த அன்று நாத்தனார் குட்டிக் கிண்ணமும் கரண்டியுமாக வந்தாள். முதல் கரண்டித் தண்ணீர் குழந்தையின் கழுத்தில் வழிந்துபோயிற்று. இரண்டாவதைச் சப்புக்கொட்டிக் குடித்துவிட்டு, இன்னும் வேண்டுமென்று வாயைத் திறந்தது குழந்தை. நாத்தனார் கிண்ணத்தைக் காலரிடம் நீட்டினாள்.

"எனக்கு இது போதும்மா. இனி நீ குடு."

காலர் வாங்கவில்லை.

"நல்லாப் பாருங்க அண்ணி. அது உங்களைப் பாத்துத்தான் வாயைத் திறக்குது."