அத்தை வசிக்கும் ஊர்

என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பெங்களூர் பொம்மனஹள்ளியில் நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம். டெக்சாஸில் இருக்கும் நாத்தனார் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த வாரமே அத்தை பிரசவ லேகியத்துக்குச் சுக்கும் திப்பிலியும் வாங்கி வந்துவிட்டார். முதலில் விசா கிடைக்க வேண்டுமே என்றேன். "அது கெடக்குது, மருந்து முக்கியம்" என்றார்.

தலைப்பிரசவம் தாய் பார்க்க வேண்டியது. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என் கல்யாணத்துக்கு முன்பே அம்மா போய்விட்டாள். என் பிரசவத்தை அத்தைதான் பார்த்தார். வயிற்றில் துணி கட்டிவிட்டதிலிருந்து பூண்டுக் குழம்பு வரை எதிலும் குறை வைக்கவில்லை. பிறகு நான் வைட்ஃபீல்டில் வேலைக்குத் திரும்பினேன். சில்க் போர்டு நெரிசலில் ஆபீஸ் வண்டிக்குள் நான் புழுங்கிய மாலைகளில் எல்லாம் என் மகள் அவர் மடியில் இருந்தாள். அதனால், அவரை அவர் மகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

அடுகோடியில் விசா விண்ணப்பம் நிரப்பித் தருபவர் ஒருவர் இருக்கிறார். வீட்டுப் பத்திரம், பாஸ்புக் என்று ஒரு பை நிறையக் கொண்டுபோனோம். அவர் பையைத் தொடவே இல்லை.

"அம்மா சோஷியல் மீடியால இருக்காங்களா மேடம்? இப்ப ரொம்ப டைட் பண்ணிட்டாங்க. எந்தெந்தக் கணக்கு இருக்குதோ எல்லாத்தையும் எழுதணும். விட்டா அதுவே தப்பாயிடும்."

அத்தைக்கு முகநூல் கணக்கு உண்டு. முருகன் படங்கள், பேத்தியின் பிறந்தநாள், யார் எதைப் போட்டாலும் ஒரு கும்பிடு. இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று எழுதி அனுப்பியும் விட்டோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் பக்கத்தை நிதானமாகப் பார்த்தேன். பெயருக்குக் கீழே இருந்தது: வசிப்பது, டெக்சாஸ்.

எனக்குத் தலை சுற்றியது. அமெரிக்காவுக்குப் போக அனுமதி கேட்பவர், அங்கேயே குடியிருப்பதாக ஊருக்கெல்லாம் அறிவித்து வைத்திருக்கிறார். எனக்கோ கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

"யார் அத்தை இப்படிப் போட்டது?"

"நான்தான். வசிக்கற ஊர் எதுன்னு கேட்டுச்சு. பொண்ணு இருக்கற ஊரப் போட்டேன்."

"நீங்க இருக்கற ஊரத்தான் கேக்கறாங்க அத்தை."

"நாம இங்க இருக்கறதுதான் எல்லாருக்கும் தெரியுமே. அத எதுக்கு எழுதறது?"

அடுகோடிக்காரருக்குப் போன் போட்டேன். கணக்கையே மூடிவிடட்டுமா என்று கேட்டேன். "மூடினா மறைக்கற மாதிரி ஆயிடும். அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடுங்க. கேட்டா உள்ளதச் சொல்லட்டும்" என்றார். வரியை எடுத்தேன், இடம் காலியானது.

நேர்காணல் சென்னையில், அமெரிக்கத் தூதரகத்தில். என்னை உள்ளே விடவில்லை. எதிர்ச் சாரியில் நிழல் தேடி நின்றேன். அத்தை வெளியே வந்தபோது கையில் ஒரு தாள் இருந்தது. இன்னும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது, முடிந்ததும் சொல்லுவோம் என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்களாம்.

"டெக்சாஸ்னு போட்டதப் பத்திக் கேட்டாங்களா?"

"கேக்கல. நானே சொல்லிட்டேன்."

"ஏன் அத்தை?"

"கேக்கலன்னு சும்மா வந்துட்டா அது மட்டும் மறைச்ச மாதிரி ஆயிடாதா? ஆபீசருக்கும் எனக்கும் நடுவுல தமிழ்ல எடுத்துச் சொன்ன பொண்ணு சிரிச்சுடுச்சு. ஆபீசர் சிரிக்கல."

திரும்பி வரும் ரயிலில் கோபத்தில் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். அதன் பிறகு காத்திருப்புதான். என் ஆபீசில் ஒருவர் அமெரிக்காவிலிருந்து விசா முத்திரைக்காக இங்கே வந்து, தேதி தள்ளிப்போய் மாட்டிக்கொண்டிருந்தார். மனைவியும் குழந்தையும் அங்கே. அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அத்தையின் பாஸ்போர்ட் ஞாபகம் வரும். நாத்தனாருக்கு எட்டாம் மாதம் முடிந்து ஒன்பது பிறந்தது. லேகியம் மட்டும் கிளறி முடிந்து அடுக்களை அலமாரியில் இருந்தது.

ஒரு நாள் பாஸ்போர்ட் வந்தது, உள்ளே விசாவோடு. அத்தை சொன்னதால் தாமதமானதா, சொன்னதால்தான் கிடைத்ததா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. எங்கோ ஒரு மேசையில் யாரோ ஒருவர் அத்தையின் முருகன் படங்களையும் கும்பிடுகளையும் வரிசையாகப் பார்த்து, இந்த அம்மாள் உண்மையைத்தான் சொல்கிறார் என்று முடிவு செய்திருக்க வேண்டும். முகம் தெரியாத அந்தப் பொறுமைசாலிக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். தமிழில் எடுத்துச் சொன்ன அந்தப் பெண்ணுக்கும்தான்.

அத்தை போய் இறங்கிய வாரத்திலேயே நாத்தனாருக்கு வலி கண்டது. ஆண் குழந்தை. அத்தை பக்கத்திலேயே இருந்திருக்கிறார்.

இங்கே பகலில் என் மகளைக் குழந்தைகள் காப்பகத்தில் விடுகிறோம். தினமும் பாட்டி எங்கே என்று கேட்டு அழுகிறாள். நேற்று மாலை வண்டி சில்க் போர்டில் நின்றுகொண்டிருந்தபோது, பேரன் படம் ஏதாவது போட்டிருக்கிறாரா என்று அத்தையின் பக்கத்தைத் திறந்தேன். நான் காலியாக விட்ட இடத்தில் அவரே எழுதியிருந்தார்: வசிப்பது, பொம்மனஹள்ளி, பெங்களூர்.

வேறு யார் பார்த்தாலும் முகவரி சரியாகத்தான் இருக்கிறது என்பார்கள். அத்தை அந்த இடத்தில் யார் இருக்கும் ஊரை எழுதுவார் என்று எனக்கல்லவா தெரியும். வண்டியில் அத்தனை பேர் இருக்க, நான் அழுதுவிட்டேன்.