பாலத்தை அடைத்துக்கொண்டு நடந்தவர்கள்

நேற்றுக் காலையில் தொரப்பள்ளிப் பக்கம் ஆற்றுப் பாலத்தில் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரோடு அகலமாகிவிட்டது, பாலமும் அகலமாகிவிட்டது, நாலு லாரி சேர்ந்தாற்போலப் போகலாம். சந்தோஷம். ஆனால் ஓரத்தில் ஒரு மனுஷி கால் வைத்து நடக்க இடம் எங்கே என்று பார்த்தேன், காணோம். அங்கே நின்றிருந்த சூப்பர்வைசர் தம்பியைக் கேட்டேன்.

"பிளான்ல இல்லீங்க மேடம். இந்தப் பாலத்துல யாருங்க நடந்து போறா?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நல்ல பையன்தான், தன் வேலையைப் பார்க்கிறான். ஆனாலும் யாரிடம் எதைக் கேட்கிறான் பாருங்கள்.

சூடான தார் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு என் கம்பெனி நீலக் கோட்டு ஞாபகம் வந்துவிடும். இங்கே இருந்த பழைய பாலத்தில் எந்நேரமும் ஏதாவது ஒட்டுப்போடுகிற வேலை நடக்கும். அந்தத் தாரைக் கோட்டில் இழுவிக்கொண்டு கம்பெனிக்குப் போய்த் திட்டு வாங்குவதில் நான் கெட்டிக்காரி. எங்கள் ஊரிலிருந்து பெண்கள் ஏழெட்டுப் பேர் அப்போதுதான் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தோம். எனக்கு ஸ்க்ரூ முடுக்குகிற வேலை. கம்பெனி பஸ் ஊருக்குள் வராது. குறுகல் பாலம், எதிரே ஒரு வண்டி வந்தால் ரிவர்ஸ் எடுக்க வேண்டும் என்று டிரைவர் அக்கரையிலேயே நின்றுகொள்வார். பாலத்தை நாங்கள்தான் நடந்து தாண்ட வேண்டும்.

அங்கேதான் வம்பு. கைப்பிடிச் சுவரோரமாக ஒதுங்கி நடக்கிற எங்களை பைக்கில் வருகிறவன்கள் உரசிக்கொண்டு போவான்கள், துப்பட்டாவை இழுப்பான்கள். வீட்டில் சொல்லவும் முடியாது. சொன்னால் அவனுக்கு உதை விழுகிறதோ இல்லையோ, நமக்கு வேலை போய்விடும். மஞ்சுளாவுக்கு அதுதான் நடந்தது. எங்கள் லைனிலேயே கை வேகமானவள், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வாயாடுவாள். எவனோ அவள் துப்பட்டாவை இழுத்த சங்கதி அண்ணன் காதுக்குப் போயிற்று. "வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம், வீட்ல கெட" என்று நிறுத்திவிட்டார். இழுத்தவன் பாட்டுக்குப் பைக்கில் சுற்றிக்கொண்டிருந்தான்.

மறுநாள் பாலத்துக்கு வந்தபோது ஓரமாக ஒதுங்க மனசு வரவில்லை. முதலில் கையைக் கோத்தது நான்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன், நம்பாதீர்கள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் ஒரே வரிசையாக நடந்தோம். பாலம் குறுகலாக இருந்ததில் எங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம் அது. பைக்கும் டிராக்டரும் பின்னால் உருண்டு வந்தன. ஹாரன் அடித்தார்கள், வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். நாங்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டு போனோம்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் பின்னால் வந்து மாட்டினார் மஞ்சுளாவின் அண்ணன். மொபட்டில் ரோஜாக் கட்டு, பூ மார்க்கெட்டுக்குப் போகிற அவசரம்.

"தாரி இவ்வண்டம்மா, பூ வாடுது, வழிய விடுங்க" என்று தெலுங்கும் தமிழுமாகக் கெஞ்சினார்.

"மஞ்சுளாவ அனுப்புங்கண்ணா, விடறோம்" என்றேன்.

"மறுபடி எவனாச்சும் கை வெச்சா?"

"நாங்க இப்படி நடக்கறப்ப எவன் கிட்ட வருவான்? உங்களாலயே வர முடியல."

அவர் எஞ்சினை அணைத்துவிட்டு, பாலம் முடிகிறவரை வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். அடுத்த திங்கட்கிழமை மஞ்சுளா கோட்டை மாட்டிக்கொண்டு வரிசைக்கு நடுவில் வந்து நின்றாள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. ஷிப்டுப் பெண்கள் பாலத்தில் ஏறினால் வண்டிகள் பின்னால்தான். டவுன் பஸ் டிரைவர்கூட கியரைக் குறைத்துக்கொண்டு, "நடங்க மகாராணிங்களா" என்பார்.

அந்தப் பாலத்தை உடைத்தாயிற்று. நான் ஒன்றும் அழப்போவதில்லை, அதில் குழி பாதி, ஒட்டு பாதி. ஆற்றிலேயே இப்போது கழிவு நுரைதான் ஓடுகிறது, காற்றடித்தால் முகத்தில் வந்து அப்புகிறது. அதையும் துடைத்துக்கொண்டு போய்விடுவேன். ஆனால் நேற்று அந்தத் தம்பி கேட்டு வாய் மூடவில்லை, கோட்டுப் போட்ட நாலு பெண்கள், வடக்கே எங்கிருந்தோ வந்து இங்கே ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பிள்ளைகள், தடுப்புச் சுவரை ஒட்டி ஒருத்தி பின்னால் ஒருத்தியாக ஓடினார்கள். பக்கத்தில் போன லாரி வேகத்தைக் குறைக்கவே இல்லை.

"இவங்கதாம்ப்பா நடந்து போறவங்க" என்றேன். "பிளான்ல இல்லைன்னா வரைஞ்சு சேக்கச் சொல்லு."

"அதெல்லாம் மேல கேக்கணும் மேடம்."

"கேளு. நாங்களும் கேக்கறோம்."

ஏழெட்டுப் பெண்கள் கை கோத்தால் அடைபடுகிற பாலம் இனிமேல் இந்த ஆற்றில் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் சூளகிரியில் இருக்கிற மஞ்சுளாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். புதுப் பாலம் எவ்வளவு அகலம் இருக்கும் என்று கேட்டாள். சொன்னேன்.

"அப்ப நெறைய பேர் வேணும்டி" என்றாள். "இரு, கூட்டிட்டு வரேன்."