கல் மடையில் கட்டிய பரிசல்

கண்மாய் மீன் காவல் என்பது கண்ணுக்குத் தெரியாத சரக்கைக் கண்விழித்துக் காக்கும் தொழில். ராத்திரிக் காவலுக்குப் போனவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும்.

தேவதானம் பக்கம் ஒரு கண்மாயில் என் மனைவியின் அண்ணன் முருகையா மச்சான் மீன் குத்தகை எடுத்திருந்தார். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் அந்த வருடச் சோறு அந்தத் தண்ணீருக்குள்தான் நீந்திக்கொண்டிருந்தது. ராத்திரிக் காவல் என் பொறுப்பு. எனக்கு நீச்சல் தெரியாது.

படுக்கை போட்ட இடம்

கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே, தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள், அவற்றின் மேல் ஒரு குறுக்குக் கல். ஏதோ ஒரு ராஜா காலத்து மடை. அங்கேதான் ஆழம், அங்கேதான் மீன் கூடும், திருட்டு வலையும் அங்கேதான் விழும். ஆகவே தூணில் பரிசலைக் கட்டி அதிலேயே படுக்க வேண்டும். கரையில் படுத்துக்கொண்டே பார்த்தால் ஆகாதா என்று மச்சானிடம் பயந்துபோய்க் கேட்டேன்.

"கரையில படுத்தா நீ தூக்கத்தத்தான் காப்ப மாப்ள."

எழுத்துப் பார்க்க வந்தவர்

ஒரு சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். குறுக்குக் கல்லில் உள்ள எழுத்தைச் செல்போனில் படம் எடுக்க வேண்டுமாம். பரிசலில் கூட்டிப் போனேன். மனிதர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். பரிசல் சுற்றியது. நான் ஒரு கையால் தூணையும் ஒரு கையால் குறுக்குக் கல்லையும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் எழுத்தைப் படித்துச் சொன்னார்: ‘இந்த மடையைக் காப்பவன் கால் என் தலைமேல் இருக்கட்டும்’ என்று ராஜா வெட்டி வைத்திருக்கிறாராம். வாத்தியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களத்தான் சொல்லியிருக்காரு. சித்த கைய எடுங்க, எழுத்து மறையுது."

மடை திறந்த அன்று

வயலுக்குத் தண்ணீர் விட, கடைமடை விவசாயி சுடலை அண்ணாச்சி மடையைத் திறக்க வந்தார். மடைவாயில் கட்டிய வலை நழுவினால் மீன் அவர் வயலுக்குப் போய்விடும். நான் கம்பைத் தண்ணீருக்குள் விட்டு வலையைத் தடவித் தடவிப் பார்த்தேன். அவர் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்:

"போன வருசமும் இப்படித்தான் கட்டுனாவ. நாத்துக்குத் தண்ணி கேட்டோம், கொழம்புக்கும் சேத்து வந்துச்சு."

மலையில் மழை

காற்றுக்குப் பரிசல் அலைவது எனக்கு ஆகாது. ஒரு ராத்திரி கயிற்றை மிச்சம் வைக்காமல் தூணோடு ஒட்ட இறுக்கிக் கட்டிவிட்டுத் தூங்கிப்போனேன். மலையில் பெய்த மழை ஓடை வழியாக இறங்கிக் கண்மாயில் தண்ணீர் ஏறியது. கயிறு ஏறவில்லை. பரிசலின் ஒரு பக்கம் அமுங்கித் தண்ணீர் உள்ளே வந்தபோதுதான் விழித்தேன். நனைந்த முடிச்சு அவிழவில்லை. செல்போன் எங்கே போனதென்று தெரியவில்லை. எப்படியோ குறுக்குக் கல்லின் மேல் ஏறி நின்றுவிட்டேன். உபரித் தண்ணீர் வழியும் மறுகாலில் வலை அறுந்தால் மீன் மொத்தமும் போய்விடும், மச்சான் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று ஒரு நினைப்பு. விழிக்க நான் இருப்பேனா என்று இன்னொரு நினைப்பு. பயத்தில் அழுதேன்.

விடிந்ததும் மச்சான் லாரி டியூபில் மிதந்து வந்தார். மீன் என்னாச்சு என்றுதான் முதலில் கேட்டேன்.

"மறுகால் வலை தாங்கிருச்சு, மீனு அம்புட்டும் பத்திரம் மாப்ள. தண்ணி ஏறும்னு அதுகளுக்குத் தெரிஞ்சிருக்கு."

காவல்காரன் கால் தன் தலைமேல் இருக்கட்டும் என்று ராஜா ஒரு மரியாதைக்குத்தான் சொல்லியிருப்பார், நான் அவர் எழுத்தின் மேலேயே விடிய விடிய நின்றே காட்டிவிட்டேன்.