ஆற்றைப் பார்க்க ஒரு புரோகிராம்

சில வருடங்களுக்கு முன்பு மலேசியாவின் கிள்ளானில், ஆற்றுக்குப் பக்கத்தில், தாமான் என்று இங்கே சொல்லும் குடியிருப்பு ஒன்றில் இருந்தோம். கிளினிக் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தபடியே வீடியோ பார்த்துப் புரோகிராமிங் கற்றுக்கொண்டிருந்தேன். பாடம் புரிந்தது, பழகிப் பார்க்கத்தான் உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. எந்த வீடியோவைப் பார்த்தாலும் கால்குலேட்டர் செய்யச் சொன்னார்கள். செய்தேன். முடித்த பிறகு அதை நானே ஒருமுறைகூடத் திறக்கவில்லை.

உங்களுக்கே தேவைப்படும் ஒன்றைச் செய்து பழகுங்கள் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். எங்கள் தாமானில் எல்லோருக்கும் தேவைப்பட்டது ஒன்றுதான்: ஆற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது? மழை வலுத்தாலே யாராவது மோட்டார் சைக்கிளில் பாலம் வரை போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

ஆற்று மட்டத்தை அளக்கும் கருவியின் எண்கள் இணையத்தில் கிடைத்தன. அவற்றை எடுத்து, அபாய அளவுக்குக் கீழே இருந்தால் பச்சை வட்டம், தாண்டினால் சிவப்பு வட்டம் என்று தாமான் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பும் சின்ன புரோகிராம் ஒன்றை எழுதினேன். பழகுவதற்காகச் செய்ததுதான். ஆனால் பாலத்துக்குப் போய்ப் பார்ப்பதையே எல்லோரும் விட்டுவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. கணவர் துறைமுகத்தில் வேலையில் இருந்தார். குழுவில் பச்சை வட்டம் வந்துகொண்டேயிருந்தது. மதியம் சமையலை முடித்துவிட்டு வாசல் கதவைத் திறந்தேன். வீட்டுக்கு முன்னால் ஓடும் லோங்காங் வாய்க்காலில் சாக்கடைத் தண்ணீர் தளும்பி நின்றது. அதில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் மிதந்து வந்தது. ஆற்றை நோக்கிப் போக வேண்டிய பாட்டில், ஆற்றுப் பக்கமிருந்து எங்களை நோக்கி வந்தது.

லேப்டாப்பைத் திறந்து எண்களைப் பார்த்தேன். காலையிலிருந்து எல்லாம் ஒரே எண். கடைசி இலக்கம்கூட மாறவில்லை. கடல் ஏறி இறங்கும் ஊர் இது. வெயில் நாளிலேயே எங்கள் ஆறு ஒரே அளவில் நிற்காது. கருவி எப்போதோ நின்றுபோயிருந்தது. கடைசியாக வந்த எண்ணையே என் புரோகிராம் திரும்பத் திரும்ப எடுத்து, பச்சை வட்டம் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தது.

உடனே குழுவில் எழுதினேன்: "என் மெசேஜை நம்பாதீங்க. கருவி நின்னுபோச்சு. ஆறு இப்ப எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியாது. எல்லாரும் மாடிக்குப் போங்க."

"காலையிலேர்ந்து சேஃப்னு போட்டுட்டு இப்ப இப்படிச் சொன்னா எப்படி லா?" என்று ஒருவர் கேட்டார். பதில் எழுத நேரமில்லை. எதிர்வீட்டு அங்கிளின் மனைவி பக்கவாதம் வந்து, கீழே ஹாலில்தான் கட்டிலில் படுத்திருந்தார். மழையில் ஓடினேன். சாலையில் தண்ணீர் கணுக்காலைத் தொட்டது.

அங்கிள் தன் போனை என் முன்னால் நீட்டினார். "பச்சைதானேம்மா காட்டுது?"

"அது காலையில வந்த நம்பர் அங்கிள். ஆன்டியை மேல கொண்டு போயிடலாம்."

"தூக்குனா அவளுக்கு வலி தாங்காதும்மா. தண்ணி வரலைன்னா?"

"வரலைன்னா என்னைத் திட்டுங்க அங்கிள். வாங்கிக்கிறேன்."

அவர் அசையவில்லை. தண்ணீர் வரும் என்று அடித்துச் சொல்ல என்னிடமும் எதுவுமில்லை. அதற்குள் குழுவில் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுச் சீனர் வெறுங்காலோடு உள்ளே வந்தார். "அங்கிள், நாயிக் டுலு லா!" என்றார். முதலில் மேலே ஏறுங்கள் என்று அவர் மலாயில் அதட்டியதும்தான் அங்கிள் கட்டிலருகே போனார்.

ஆன்டியை நாற்காலியில் உட்காரவைத்து, போர்வையால் சுற்றிக் கட்டினோம். சீனர் பின்பக்கம் பிடித்து மேலே இழுக்க, அங்கிளும் நானும் கால் பக்கம் தாங்கினோம். ஒவ்வொரு படிக்கும் ஆன்டி முனகினார். வழுக்கிவிடக் கூடாதே என்று எங்கள் மூவர் கண்ணும் படிகளில்தான் இருந்தது. பாதி ஏறியபோது அங்கிள், "முடியலம்மா, இறக்கிடலாம்" என்றார்.

நோய் வந்ததிலிருந்து தெளிவாக ஒரு வார்த்தை பேசியிராத ஆன்டி, எங்கள் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்து, "தண்ணி" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். கதவுக்கு அடியிலிருந்து பழுப்பு நிறத்தில் ஹால் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. நாற்காலியை எப்படி மேலே சேர்த்தோம் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, கீழே ஆன்டியின் மெத்தை மிதந்து சுவரில் இடிக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் பாதிப் படிவரை ஏறி நின்றது. மறுநாள் படகு வரும்வரை அங்கிள் ஆன்டியின் கையை விடவே இல்லை.

என் லேப்டாப் தண்ணீரோடு போயிற்று. புதிதாக ஒன்று வாங்கியதும் அதே புரோகிராமை மறுபடி எழுதினேன். எண் பழையதாக இருந்தால் இப்போது அது எந்த வட்டமும் போடாது. "ஆற்று மட்டம் தெரியவில்லை, போய்ப் பாருங்கள்" என்று மட்டும் அனுப்பும்.

இப்போது புரோகிராம் எழுதுவதுதான் எனக்கு வேலை. எதை எழுதி முடித்தாலும், இதை நம்பிக்கொண்டு யாரோ ஒருவர் தன் வீட்டில் நிம்மதியாகப் படுத்திருக்கிறார் என்ற நினைப்பு வந்து, இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.